பித்தளை விளக்கும் பாத்திரமும் துலக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் எங்கள் குடும்பத்துக்குப் பாத்திரக்கடை. கல்லாவில் நான் உட்கார்ந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பாத்திரம் வாங்க வருகிறவர்கள் ஒரு பக்கம் என்றால், "வாங்கும்போது தங்கமா இருந்துச்சு, இப்ப பாருங்க" என்று துணிப்பையிலிருந்து கறுத்த குத்துவிளக்கை எடுத்து நீட்டுகிறவர்கள் இன்னொரு பக்கம். ஆடி பிறந்தால் இந்தக் கூட்டம் கூடும், கார்த்திகைக்கு முன்னால் இன்னும் கூடும். எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். கல்லாவில் நின்றுகொண்டு சொன்ன பதில்களைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதியிருக்கிறேன்.

என்னிடம் இருப்பது பித்தளையா, வெண்கலமா?

செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை. செம்போடு வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். கண்ணால் பார்த்தால் பித்தளை மஞ்சளடிக்கும், வெண்கலம் சற்றுப் பழுப்பாக இருக்கும். அதைவிட நல்ல சோதனை காது. விளிம்பைப் பிடிக்காமல் உள்ளங்கையில் வைத்து விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். வெண்கலம் 'ணங்' என்று கோயில் மணி மாதிரி நீளமாக இழுக்கும். சும்மாவா வெண்கலக் குரல் என்கிறோம்? பித்தளையின் சத்தம் சீக்கிரம் அடங்கிவிடும்.

துலக்குவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் வெண்கலப் பானை கீழே விழுந்தால் விரிசல் விடும், உடையவும் உடையும். பித்தளை நசுங்குவதோடு போகும்.

ஏன் கறுக்கிறது? பச்சையாகப் பூப்பது என்ன?

காற்றும் ஈரமும் பட்டால் மேலே இருக்கும் செம்பு ஆக்சைடாக மாறும். முதலில் மங்கல், அப்புறம் பழுப்பு, அப்புறம் கறுப்பு. இது ஒரு மெல்லிய தோல், அவ்வளவுதான். அடியில் உலோகம் பத்திரமாக இருக்கும்.

பச்சை வேறு விஷயம். அதுதான் களிம்பு. புளிப்போ உப்போ ஈரமோ ஒரே இடத்தில் தங்கிவிட்டால் செம்பு உப்புகளாக மாறிப் பச்சையும் நீலப் பச்சையுமாகப் பூக்கும். கறுப்பு இருந்தால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். பச்சை இருந்தால் இன்றே எடுக்க வேண்டும். அது வயிற்றுக்கு ஆகாது, அந்த இடத்தில் உலோகத்தையும் அரித்துக்கொண்டே இருக்கும்.

புளி போட்டால் பளிச்சென்று ஆகிறதே, எப்படி?

புளியில் இருப்பது முக்கியமாக டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம். இரண்டும் ஆக்சைடுத் தோலைக் கரைக்கும். அடியில் இருக்கும் உலோகத்தை அவ்வளவு வேகமாகத் தொடாது. கூடக் கல்லுப்பு சேர்த்தால் வேலை இன்னும் விரைவாக நடக்கும், உப்பில் இருக்கும் குளோரைடு செம்பைக் கரைசலுக்குள் இழுத்துக்கொள்ளும்.

இதில் பலர் தவறவிடும் ஒரு சங்கதி உண்டு. கறையை எடுப்பது புளிதான், உங்கள் தோள்பட்டை இல்லை. கறையின் மேல் புளியைத் தடவிவிட்டு இரண்டு நிமிஷம் சும்மா இருங்கள். என் பாட்டி குழம்புக்குக் கரைத்துப் பிழிந்த புளிச்சக்கையைத் தூர எறியமாட்டார். ஒரு கொட்டாங்கச்சியில் கல்லுப்போடு போட்டுக் கிணற்றடியில் வைத்திருப்பார். காலையில் சொம்புக்கெல்லாம் அதைப் பூசிவிட்டு வாசல் தெளிக்கப் போவார். கோலம் போட்டு முடித்து வந்து, தேங்காய் நாரால் லேசாக ஒரு சுற்று, பிறகு தண்ணீர். பூசின இடத்தில் கறுப்பு விலகி மஞ்சள் எட்டிப் பார்ப்பதை நான் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் அழுத்தித் தேய்த்து நான் பார்த்ததில்லை.

பழம்புளிதான் வேண்டும் என்று கட்டாயமில்லை. கிடைக்கிற புளி போதும். சமையலுக்கு ஆகாமல் போன பழைய புளி இருந்தால் அதற்கு இதைவிட நல்ல கதி கிடையாது.

ராத்திரி முழுக்கப் புளித் தண்ணீரில் ஊற வைத்தால் தேய்க்கவே வேண்டாமே?

வேண்டாம். நானே செய்து கெட்ட கதை இது. கடைக்கு வந்த புதிதில், பாட்டியின் சொம்பு ஒன்றைப் புளியும் உப்பும் கரைத்த வாளியில் போட்டுவிட்டு மறந்து தூங்கிப்போனேன். காலையில் எடுத்தால் மஞ்சள் சொம்பு ரோஸ் நிறத்தில் நின்றது. முதலில் ஏதோ செம்புச் சொம்பு மாறி வந்துவிட்டது என்றுகூட நினைத்தேன்.

நடந்தது இதுதான்: அமிலத்தில் நெடுநேரம் கிடந்தால் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து வெளியேறும். மேற்பரப்பில் மிஞ்சுவது செம்பு. கரைந்த செம்பும் திரும்ப வந்து படியும். அந்த ரோஸ் நிறம் வெறும் நிறமில்லை, மேல்தோல் வலுவிழந்து நுண்ணிய ஓட்டைகளோடு நிற்கிறது என்பதன் அடையாளம். லேசாக இருந்தால் பாலிஷ் பொடியால் தேய்த்து அந்தத் தோலை எடுத்துவிடலாம். ஆழமாகப் போயிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. கிணற்றுக் குடங்களில் அடியில் ஊசிமுனை ஓட்டை விழுகிறதே, அதற்கும் பெரும்பாலும் துத்தநாகம் போவதுதான் காரணம். அது வருஷக்கணக்கில் நடக்கும், நான் ஒரே ராத்திரியில் நடத்திக் காட்டினேன்.

ஆகவே பூசுவதானால் இரண்டு முதல் ஐந்து நிமிஷம். ஊற வைப்பதானால் பத்து நிமிஷம். அதற்குள் போகாத கறை இருந்தால் கழுவிவிட்டு இன்னொரு முறை பூசுங்கள். ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்காதீர்கள்.

எலுமிச்சை உப்பு போடலாமா? எவ்வளவு?

தாராளமாக. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கொடுப்பதுதான் சிட்ரிக் அமிலம். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஒரு மேசைக் கரண்டி. பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள், இரும்புச் சட்டியிலும் அலுமினியத்திலும் வேண்டாம். கரைந்த செம்பு இரும்பின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். அதே காரணத்துக்காக இரும்பு ஆணியையோ கரண்டியையோ அதில் போட்டுக் கிளறாதீர்கள்.

நிறைய சின்னச் சாமான் இருந்தால், அதாவது அகல், மணி, தீர்த்தப் பாத்திரம், உத்தரணி, இதுதான் வசதி. ஐந்து நிமிஷம் போட்டு எடுத்து, ஆப்பசோடா ஒரு கரண்டி கலந்த தண்ணீரில் ஒரு முக்கு, அப்புறம் நல்ல தண்ணீர். சோடா மிச்சப் புளிப்பை அடக்கிவிடும். புளி போட்டாலும் இந்தச் சோடா முக்கு நல்லது. மடிப்புக்குள் தங்கும் புளிப்புத்தான் நாலு நாளில் பச்சை பூக்கும்.

குத்துவிளக்கின் எண்ணெய்ப் பிசுக்கு எதைப் போட்டாலும் போகவில்லை. என்ன செய்வது?

புளி எண்ணெயைக் கரைக்காது. பிசுக்கின் மேல் புளி போட்டால் அது வழுக்கிக்கொண்டு போகும், கறையைத் தொடவே தொடாது. கடைக்கு வரும் புகாரில் பாதி இதுதான். எண்ணெயை முதலில் எடுங்கள், கறுப்பைப் பிறகு பாருங்கள். இந்த வரிசை மாறினால் எத்தனை புளி போட்டாலும் வீண்.

விளக்கை முதலில் கழற்ற வேண்டும். நாச்சியார்கோவில் விளக்கு எல்லாமே துண்டு துண்டாக வார்த்து மரை போட்டுச் சேர்த்தவை: அடிப்பாதம், தண்டு, எண்ணெய்த் தட்டு, மேலே அன்னமோ கும்பமோ. இடதுகையால் தண்டைப் பிடித்து வலதுகையால் தட்டைத் திருகினால் பிரியும். பிரித்ததும் மரையில் பாருங்கள். கறுப்பும் பச்சையுமாக ஒரு மெழுகு, அதில் பழைய திரியின் நூல், ஒரு எறும்பு, சில சமயம் போன வருஷத்துக் கற்பூரத்தூள். வெளியே எவ்வளவு துலக்கினாலும் இரண்டாம் நாள் கழுத்துப் பகுதியில் பச்சைக் கோடு வருகிறதே, அது இங்கிருந்துதான் கசிகிறது.

எண்ணெய் காய்ந்து நாளாக நாளாகக் கோந்து மாதிரி இறுகும். சாதாரண சோப்பு அதன் மேல்பூச்சைத்தான் எடுக்கும். தொட்டால் சுடும் தண்ணீரில், கொதி வேண்டாம், இரண்டு கரண்டி சலவை சோடா கரைத்து, துண்டுகளை அரை மணி போட்டு வையுங்கள். மேலே பழுப்பாக நுரை மிதக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மரையையும் பூவேலையையும் தேயுங்கள். மூங்கில் குச்சியைச் சீவி இடுக்குகளைச் சுரண்டலாம், ஊசியும் கத்தியும் வேண்டாம். அந்தக் காலத்தில் சாம்பல் போட்டதும் இதற்குத்தான். விறகுச் சாம்பலில் காரம் இருக்கிறது, அது எண்ணெயைச் சோப்பாக்கிவிடும். ஆனால் காஸ்டிக் சோடா பக்கம் போகாதீர்கள். கையும் போகும், துத்தநாகமும் போகும்.

கழுவிப் பிசுக்கே இல்லை என்று விரலால் தடவிப் பார்த்து உறுதியான பிறகுதான் புளி. பின்பு சோடாத் தண்ணீர், நல்ல தண்ணீர், துணி. மரையைத் தனியாகத் துணி நுழைத்துத் துடைத்து, துளித் தேங்காய் எண்ணெய் தடவி மாட்டுங்கள். அடுத்த முறை கழற்றும்போது எனக்கு நன்றி சொல்வீர்கள்.

மரை இறுகிவிட்டது, திருகவே வரவில்லை.

பக்கத்தில் நாலு பேர் பிடித்து முறுக்க வேண்டாம், தண்டு வளைந்துவிடும். மூட்டில் மண்ணெண்ணெய் நாலு சொட்டு விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் வெந்நீர் ஊற்றினால் பெரும்பாலும் இளகும். மண்ணெண்ணெய் காய்ந்து வாசனை போகும் வரை திரி ஏற்ற வேண்டாம், இதைச் சொல்லத் தேவையில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன்.

கற்பூரத் தட்டின் கரிக்கு என்ன மருந்து?

கரி என்பது கரியே. புளிக்கு அதில் வேலையில்லை. காய்ந்த துணியால் முதலில் துடைத்து, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டு, துணியால் வழித்து, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அப்புறம் புளி.

உமிக்கரி, செங்கல் பொடி, ஆற்று மணல், ஸ்டீல் நார், இதில் எது நல்லது?

டெல்டாவில் நெல்லுக்குக் குறைவில்லை, உமிக்கரிக்கும் குறைவில்லை. உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது நுண்ணிய மணல்தான். செங்கல் பொடியும் அப்படித்தான். பித்தளையைவிட இவை எல்லாமே கடினமானவை. ஆகவே கறையோடு உலோகத்தையும் கீறி எடுக்கும். அடுப்பில் ஏறி இறங்கும் அண்டா, தவலை, குடத்துக்கு இது பாதகமில்லை, அவற்றின் அடி எப்படியும் கண்ணாடி மாதிரி இருக்கப் போவதில்லை. பூவேலை இருக்கும் விளக்குக்கும் பெயர் வெட்டிய பாத்திரத்துக்கும் ஆகாது.

ஆற்று மணல் பருவெட்டு, வேண்டாம். ஸ்டீல் நார் போட்ட விளக்கைத் திரும்பப் பளபளப்பாக்க எங்களிடம் கொண்டு வந்தால் நான் முதலில் பெருமூச்சுத்தான் விடுவேன். மேலெல்லாம் கீறல், அந்தக் கீறலுக்குள் அடுத்த கறை இன்னும் ஆழமாக உட்காரும்.

உலர்ந்த பிறகு கடைசியாக ஒரு பளபளப்பு வேண்டுமானால் சலித்த திருநீறைத் துணியில் தொட்டுத் தேயுங்கள். மிகவும் நைஸான பொடி, கறை எடுக்காது, ஆனால் மங்கலைப் போக்கும்.

கடையில் விற்கும் பவுடரும் பாலிஷும்?

பீதாம்பரி மாதிரிப் பொடிகள் அமிலமும் நைஸ் தூளும் சேர்ந்தவை. அவசரத்துக்கு நல்லது. ஈரக் கையில் எடுத்துப் பூசி, உடனே கழுவிவிட வேண்டும், பூசிவிட்டு போன் பேசப் போகக் கூடாது. சபீனா பாத்திரம் தேய்க்கும் தூள், எண்ணெய் எடுக்க உதவும், பித்தளைக் கறுப்புக்கு அது மருந்தில்லை.

டப்பாவில் வரும் திரவ பாலிஷ்களில் சிலவற்றில் அம்மோனியா இருக்கும், மூடியைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும். அலங்காரப் பொருளுக்குத் துணியில் தொட்டுத் துடைத்து முழுவதும் வழித்தெடுத்தால் சரி. சாப்பாட்டுப் பாத்திரத்துக்கும் மெல்லிய தகட்டுக் குடத்துக்கும் அதை நான் பரிந்துரைப்பதில்லை. காரணம் அடுத்த கேள்வியிலேயே வருகிறது.

குடத்தின் கழுத்தில் தானாகவே வெடிப்பு விட்டிருக்கிறது. யாரும் கீழே போடவில்லை. ஏன்?

எங்கே வைத்திருந்தீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் மாட்டுத்தொழுவத்துப் பரண் அல்லது அதை ஒட்டிய அறை என்று பதில் வரும்.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு, அதுவும் நம் நாட்டில் நடந்தது. வெள்ளைக்காரர் காலத்தில் இங்கிருந்த பட்டாளம் மழைக்காலத்தில் துப்பாக்கித் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தது. மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால், சுடாத தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளில் விரிசல். பருவத்தோடு வருவதால் அதற்குப் 'பருவ வெடிப்பு' என்றே பெயர் வைத்தார்கள். விளக்கம் கிடைத்தது 1921இல். மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் கண்டு சொன்னது இது: குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, மழைக்கால ஈரம், தகட்டை இழுத்துக் கூடாக்கியபோது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கம், இந்த மூன்றும் சேர்ந்தால் பித்தளை வெடிக்கும். ஒன்று குறைந்தாலும் வெடிக்காது. உருவாக்கிய பிறகு இளஞ்சூட்டில் வாட்டி அந்த இறுக்கத்தைத் தளர்த்திவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

தோட்டாக் கூடு செய்யும் பித்தளையில் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். தகட்டை அழுத்தியும் சுற்றியும் செய்யும் குடமும் ஏறக்குறைய அதே சாதி. கழுத்துப் பகுதியில்தான் தகடு அதிகம் வளைந்து இறுக்கத்தோடு நிற்கும், அதனால்தான் வெடிப்பும் அங்கேயே வருகிறது. குதிரைக்குப் பதில் மாடு, அவ்வளவுதான் வித்தியாசம். யூரியா மூட்டை அடுக்கிய அறையும் அந்த வகையில் சேர்த்திதான், ஈரம் பட்ட யூரியாவிலிருந்தும் அம்மோனியா கிளம்பும். வார்ப்பு விளக்குகளில் இந்த இறுக்கம் குறைவு, அவை இப்படி வெடித்து நான் பார்த்ததில்லை.

வெடித்ததைப் பற்ற வைத்துத் தரலாம், ஆனால் பக்கத்திலேயே அடுத்த வெடிப்பு காத்திருக்கும். பழைய பித்தளை விலைக்குப் போட்டுவிடுவது மேல்.

அமெரிக்காவில் இருக்கும் மாப்பிள்ளை சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடுகளைத் துலக்கி மறுபடி பயன்படுத்துவாராம். "மாமா, புளி போடலாமா?" என்று கேட்கிறார்.

மன்னார்குடிக்காரர் ஒருவர் கல்லாவில் இதைக் கேட்டபோது கடையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கேள்வி சரியான கேள்விதான். அங்கே குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்காரர்கள் இதை வீட்டிலேயே செய்கிறார்கள். இங்கே ஆயுதச் சட்டம் வேறு, யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.

அவர்களுடைய முறைகள் கேட்கச் சுவாரஸ்யமானவை. வால்நட் ஓட்டையோ மக்காச்சோளக் கட்டையையோ குருணையாக உடைத்து, கூடுகளோடு ஒரு டிரம்மில் போட்டு மணிக்கணக்கில் உருட்டுவது ஒரு வழி. தண்ணீரும் துளி சோப்பும் சிட்ரிக் அமிலமும் சின்னச் சின்னத் துருப்பிடிக்காத எஃகு ஊசிகளும் சேர்த்து உருட்டுவது இன்னொரு வழி. ஆக அவர்களும் போடுவது நம் எலுமிச்சை உப்பைத்தான். புளியும் அதே வேலையைச் செய்யும், ஆனால் சக்கையும் பிசினும் கூட்டுக்குள் ஒட்டிக்கொள்ளும், சிட்ரிக் சுத்தமானது.

மாப்பிள்ளையிடம் சொல்லச் சொன்னது நாலு விஷயம். பத்து நிமிஷத்துக்கு மேல் அமிலத்தில் ஊற வேண்டாம், ரோஸ் நிறமான கூட்டைத் தூக்கிப் போடட்டும், துத்தநாகம் போன பித்தளை வெடிமருந்தின் அழுத்தத்தைத் தாங்காது. அம்மோனியா பாலிஷ் கூடவே கூடாது, லாயத்துக் கதையை நினைத்துக்கொள்ளட்டும். உலர்த்த அடுப்பில் காட்ட வேண்டாம், சூட்டில் பித்தளை மென்மையாகிவிடும், கூட்டின் அடிப்பகுதி மென்மையானால் ஆபத்து. நாலாவது, இது முக்கியம், சுட்ட கூட்டில் காரீயத் தூசி இருக்கும், அது விஷம். அதைச் சமையல் தொட்டியில் கழுவக் கூடாது, குழந்தைகளைப் பக்கத்தில் விடக் கூடாது, முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

கழுவின மறுநாளே புள்ளி புள்ளியாக வருகிறது.

தண்ணீரில் இருக்கும் உப்பு. போர் தண்ணீரில் கழுவி அப்படியே கவிழ்த்து வைத்தால், ஒவ்வொரு சொட்டும் காய்ந்து ஒரு வட்டம் விடும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் நிலத்தடி நீரும் உப்பு, காற்றும் உப்பு. அங்கே பித்தளை வைத்திருக்கிறவர்கள் பொறுமைசாலிகள். கடைசி அலசலுக்கு மட்டும் மழைநீரோ ஆற்று நீரோ கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், உடனே பழைய பருத்தி வேட்டித் துணியால் ஈரம் போகத் துடைத்து, பத்து நிமிஷம் வெயிலில் வைத்தால் போதும். சொட்டுத் தானாகக் காயக் கூடாது.

உள்ளே ஈயம் பூசியிருக்கிறது. அதையும் புளி போட்டுத் துலக்கலாமா?

கூடாது. அந்தப் பூச்சு வெள்ளீயம், பேச்சில்தான் ஈயம் என்கிறோம். காரீயம் வேறு, விஷம். பூச்சு மெல்லியது, பொடி போட்டுத் தேய்த்தால் சீக்கிரம் போய்விடும். உள்ளே சோப்பும் மெல்லிய துணியும் போதும், வெளியே மட்டும் புளி. உள்ளே மஞ்சள் தெரிய ஆரம்பித்தால் மறுபடி பூசக் கொடுங்கள். அது வரை அதில் ரசம், புளிக்குழம்பு, தயிர், எலுமிச்சை எதுவும் வேண்டாம்.

ஈயச்சொம்பு முழுக்க வெள்ளீயம். 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ரசம் இருக்கும்வரை கவலையில்லை, வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டுக் கூட்டுக்குத் தாளிக்கப் போனால் திரும்பி வரும்போது சொம்பு இருக்காது. இப்படி அழுதுகொண்டு வந்த புதுப்பெண்கள் உண்டு.

டபரா செட்டில் காபி குடிப்பது?

கும்பகோணத்தில் உட்கார்ந்து இதற்கு வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. காபி ஒரு மணி நேரமா அதில் கிடக்கப் போகிறது? குடித்ததும் கழுவித் துடைத்துவிடுங்கள். பச்சை பூத்த டம்ளரில் மட்டும் ஊற்றாதீர்கள்.

புது விளக்கு திட்டுத்திட்டாகக் கறுக்கிறது. மட்டமான பித்தளையா?

இல்லை. பளபளப்பு நிற்க வேண்டும் என்று சில விளக்குகளுக்கு மேலே நிறமில்லாத லாக்கர் அடித்திருப்பார்கள். எண்ணெயும் சூடும் பட்டு அது உரியும். உரிந்த இடம் கறுக்கும், உரியாத இடம் மினுங்கும். புளி போட்டால் திட்டு இன்னும் எடுப்பாகத் தெரியும். முழு லாக்கரையும் பெயின்ட் தின்னரால் துடைத்தெடுத்தால் தீர்ந்தது. காற்றோட்டமான இடத்தில், பக்கத்தில் நெருப்பு இல்லாமல் செய்யுங்கள். ஏற்றுவதற்கு வாங்குகிறவர்கள் லாக்கர் இல்லாத விளக்காகவே கேட்டு வாங்குவது நல்லது.

பூர்விகமாக வந்த பழைய சாமி விக்கிரகம் கறுத்திருக்கிறது. துலக்கலாமா?

புளியும் பொடியும் தொட வேண்டாம். மென்மையான துணியால் தூசி துடைப்பது, தேவைப்பட்டால் வெறும் தண்ணீர், உடனே ஈரம் ஒற்றுவது, இதோடு நிறுத்துங்கள். நாள்பட்டு உட்கார்ந்த அந்த நிறம் விக்கிரகத்துக்கு ஒரு காப்பு. எடுத்தால் கண்ணும் மூக்கும் விரல் நகமும் கூடவே கொஞ்சம் போகும். தலைமுறை தலைமுறையாக அபிஷேகமும் தேய்ப்புமாக முகம் வழவழவென்று ஆகிப்போன உற்சவரை நம் பக்கத்துக் கோயில்களில் பார்த்திருப்பீர்கள். தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போய், 1011ஆம் ஆண்டைச் சேர்ந்த திருவெண்காட்டு ரிஷபவாகனரைப் பாருங்கள். மண்ணுக்குள் கிடந்து வந்தவர். தலையில் சுற்றிய பாம்பின் மடிப்பு வரை கூர்மையாக நிற்கிறது. யாராவது வாராவாரம் புளி போட்டிருந்தால் அது இருந்திருக்குமா?

வெள்ளிக்கிழமை விளக்கு துலக்கக் கூடாதாமே?

எங்கள் வீட்டிலும் வியாழக்கிழமை சாயங்காலம்தான். சாஸ்திரம் எனக்குத் தெரியாது. ஆனால் வியாழன் கழுவி ஒரு ராத்திரி உலர்ந்தால் வெள்ளிக்கிழமை திரி போடும்போது மரைக்குள் ஈரம் இருக்காது.

பரணில் வைக்கும்போது எதில் சுற்றுவது?

நன்றாகக் காய்ந்த பருத்தித் துணி. செய்தித்தாள் ஈரம் இழுக்கும், மை அச்சும் விழும். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள், ரப்பரில் இருக்கும் கந்தகம் பித்தளையில் கறுப்பு வளையமாகப் பதியும். நூல் கயிறு போதும். தொழுவத்தை ஒட்டிய பரண் வேண்டாம் என்று இன்னொரு முறை சொல்ல வேண்டியதில்லை.

பட்டறையில் கொடுத்து பாலிஷ் போடலாமா? எத்தனை நாளைக்கு ஒரு முறை?

கும்பகோணத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டரில் நாச்சியார்கோவில். அங்கே பட்டறைகளில் சுழலும் துணிச் சக்கரத்தில் பாலிஷ் கட்டியைத் தடவி விளக்கை அழுத்திப் பிடிப்பார்கள். ஐந்து நிமிஷத்தில் புதுசு மாதிரி வரும். சக்கரத்தின் அடியில் கறுப்பாகக் குவிந்து கிடக்கும் தூளைப் பாருங்கள். அதில் பாலிஷ் கட்டியும் இருக்கிறது, உங்கள் விளக்கும் கொஞ்சம் இருக்கிறது. கல்யாணம், கிரகப்பிரவேசம் என்று வந்தால் கொடுங்கள். வருஷா வருஷம் வேண்டாம். வீட்டில் புளி போடுவதும் மாதம் ஒரு முறை தாராளம். நடுவில் எண்ணெய் வழிந்தால் அன்றன்றே துணியால் துடைத்துவிட்டால் பிசுக்கே சேராது.

சீர்ப் பாத்திரத்தில் வெட்டிய பெயர் தேய்ந்துவிட்டது. மறுபடி வெட்டித் தருவீர்களா?

வெட்டலாம். முன்பு உளியால் புள்ளி புள்ளியாகத் தட்டுவார்கள், இப்போது மெஷினில் எழுதுகிறோம். ஆனால் பெயர் அழியும் அளவுக்குத் தேய்ந்த பாத்திரத்தின் தகடு மெலிந்திருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, பள்ளம் விழுந்தால் நான் வெட்ட மறுத்துவிடுவேன், மெஷின் முனை மறுபக்கம் வந்துவிடும்.

நான் ரோஸ் ஆக்கிய பாட்டியின் சொம்பிலும் பெயர் இருந்தது. 'மீ' என்ற முதல் எழுத்தும், கடைசியில் நாலைந்து புள்ளிகளும்தான் இப்போது தெரிகின்றன. நடுவில் இருந்ததைப் பாதி பாட்டிக்குப் பின் வந்தவர்களின் உமிக்கரியும், பாதி என் பாலிஷும் எடுத்துக்கொண்டன. அதில் மறுபடி பெயர் வெட்டவில்லை. கல்லாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன், தூசி தட்டுவதோடு சரி. கறுத்துத்தான் இருக்கிறது.